அக்ரிகேட்: திரள்

வணிக மென்பொருளில் ‘அக்ரிகேட்’ என்பது, ஒரே அலகாகப் படித்து ஒரே அலகாகச் சேமிக்க வேண்டிய தரவுக் கூட்டம். கொள்முதல் ஆணையும் அதன் உருப்படிகளும் நல்ல உதாரணம். வெளியிலிருந்து ஆணையை மட்டுமே தொடலாம்; உருப்படியை ஆணை வழியாகத்தான் மாற்ற வேண்டும்.

மூலம் லத்தீன். ‘கிரெக்ஸ்’ என்றால் மந்தை. ‘அக்ரெகாரே’ என்றால் மந்தையில் சேர்ப்பது. இன்றைய மென்பொருள் பொருளை நிலைநிறுத்தியது எரிக் எவன்ஸ் 2003இல் எழுதிய ‘டொமைன் டிரிவன் டிசைன்’. தேவை அதற்கு முன்பே எழுந்துவிட்டது. இஜேபி என்பது ஜாவாவில் வணிக மென்பொருள் எழுதுவதற்கான கட்டமைப்பு; அதில் தரவுத்தளப் பதிவைக் குறிக்கும் பொருள் ‘என்டிட்டி பீன்’. 1999இன் இஜேபி 1.1இல் அதற்கு ரிமோட் இன்டர்ஃபேஸ் மட்டுமே; அதாவது தொலைவிலுள்ள கணினியை அழைப்பதுபோன்ற, மெதுவான அழைப்பு வழி. உருப்படி ஒவ்வொன்றையும் தனி பீனாக்கினால், 50 உருப்படியுள்ள ஆணைக்கு 51 பீன்களை ஏற்ற வேண்டும். ஆகவே உருப்படிகளைச் சாதாரண ஜாவா வகுப்புகளாக்கி ஆணை பீனுக்குள் வைத்தார்கள். 2001இன் இஜேபி 2.0 அதே நிரலுக்குள் நேரடியாக அழைக்கும் லோக்கல் இன்டர்ஃபேஸ் கொடுத்து வேகச் சிக்கலைத் தணித்தது. எது எதற்குள் அடங்கும் என்ற கேள்வி அப்படியே நின்றது.

அதற்கு இரண்டு சோதனைகள் போதும். ஆணை அழிந்தால் இதுவும் அழியுமா? இரண்டும் சேர்ந்து காக்கும் விதி உண்டா? ஆம் என்றால் உள்ளே. விற்பனையாளரும் பொருள் பட்டியலும் வெளியே; அவற்றின் அடையாள எண் மட்டும் ஆணையில் இருக்கட்டும். ஆனால் ஆணையிட்ட அன்றைய விலையை உருப்படியிலேயே பதிந்துவிடுங்கள். இல்லையேல் பட்டியல் விலை மாறும்போது பழைய ஆணைகளின் கணக்கும் மாறிவிடும்.

எல்லை பிசகினால் என்ன ஆகும்? ஒப்புதல் வரம்பு 10,000. ஆணை 9,000இல் நிற்கிறது. ஒருவர் ஓர் உருப்படியில் 800 கூட்டுகிறார், அதே நேரத்தில் மற்றவர் இன்னொன்றில் 700 கூட்டுகிறார். ஒருவருக்கு 9,800, மற்றவருக்கு 9,700; இரண்டும் சரி. சேமித்த பின் ஆணை 10,500. தடுக்க ஆணைக்குப் பதிப்பு எண் வேண்டும்: மாற்றம் சேமிக்கப்படும்போது அது ஏறும்; படித்தபோது இருந்த எண் இடையில் மாறியிருந்தால் சேமிப்பு மறுக்கப்படும். இங்கேதான் பலர் ஏமாறுகிறார்கள்: ஜாவா பொருள்களைத் தரவுத்தளத்தில் சேமிக்கும் ஜேபிஏவில் உருப்படியின் மதிப்பு மட்டும் மாறினால் ஆணையின் பதிப்பு எண் தானாக ஏறாது. அதைக் கட்டாயமாக ஏற்றும் ‘ஆப்டிமிஸ்டிக் ஃபோர்ஸ் இன்க்ரிமென்ட்’ பூட்டைக் கேட்டு வாங்க வேண்டும். அப்போதுதான் இரண்டாவது சேமிப்பு மறுக்கப்படும்.

தமிழில் என்ன சொல்லலாம்? ‘எட்டுத்தொகை’யின் தொகை பொருளால் பொருந்தும், ஆனால் ஆணைத் திரையில் தொகை என்றால் பணம்தான். ‘தொகுதி’ மாட்யூலுக்குப் போய்விட்டது. ‘திரட்டு’ பிறர் சேர்ப்பது. கூட்டல், சராசரி காணும் எஸ்க்யூஎல் (தரவுத்தள வினவல் மொழி) சார்புகளுக்கு அது கச்சிதம். மேகமும் கூட்டமும் தாமாகத் திரள்கின்றன. விதியால் தாமே ஒட்டி நிற்கும் தரவுக்கு ‘திரள்’ என்பதே என் தேர்வு. மென்பொருள் வடிவமைப்பை வரைபடமாகக் காட்டும் யூஎம்எல்லின் ‘அக்ரிகேஷன்’ இதுவன்று. அதில் உறுப்புகள் தனித்தும் வாழலாம். வெளியிலிருந்து தொடக்கூடிய ஒரே பொருளான (இங்கே ஆணை) ‘அக்ரிகேட் ரூட்’ என்பதை ‘திரள்வேர்’ என்பதைவிடத் ‘திரள்தலை’ என்பது நன்று: உள்ளே எதை மாற்றவும் அதனிடம்தான் கேட்க வேண்டும்.