‘செயலி’ என்பது சில்லின் பெயர்

கோத்தகிரியில் மஞ்சு இறங்கிவிட்டால் டவர் கிடைப்பது அரிது என்பதால், படங்களைப் பகலிலேயே இறக்கி வைத்து இரவில் பார்ப்பது எங்கள் தெருவில் பலருக்கும் வழக்கம். தேயிலைத் தொழிற்சாலையில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற பக்கத்து வீட்டுப் பெரியவர் சென்ற வாரம் தம் கைப்பேசியை என்னிடம் நீட்டினார். பேச்சு முன்னால் ஓட, படம் நின்று நின்று பின்னால் வந்துகொண்டிருந்தது. ஆண்ட்ராய்டையும் ஐஃபோனையும் ஒப்பிட்ட ஒரு தமிழ்க் கட்டுரையில் ‘செயலி பழையதாக இருந்தால் படம் திணறும்’ என்று படித்துவிட்டு, படம் ஓட்டும் ஆப்பை மூன்று முறை நீக்கி நிறுவியிருக்கிறார். கட்டுரை சொன்னதோ கைப்பேசிக்குள் இருந்து அதை இயக்கும் சில்லை, அதாவது சிப்பை.

செயல் என்பதோடு இகர விகுதி சேர்ந்தது செயலி. செயல்படுவது என்று பொருள். 1971இல் இன்டெல் 4004 வடிவில் விற்பனைக்கு வந்த மைக்ரோபிராசசருக்கு ‘நுண்செயலி’ என்ற பெயர் தமிழில் எப்போதோ நிலைபெற்றுவிட்டது. ஆப் என்பது அப்ளிகேஷனின் குறுக்கம். அதன் இலத்தீன் வேர் பொருத்துவதைக் குறித்தது; அதிலிருந்து வந்த ஆங்கிலச் சொல் பயன்படுத்துவதையும் குறித்தது. 2008 ஜூலையில் ஆப்பிளின் ஆப் ஸ்டோரும் அக்டோபரில் ஆண்ட்ராய்டு மார்க்கெட்டும் திறந்தபின் அது எல்லோர் வாயிலும் புழங்கியது. நாமோ சில்லுக்கு வைத்த பெயரையே எடுத்து அதற்கும் சூட்டிவிட்டோம்.

இடம் பார்த்துப் பொருள் கொள்ளலாமே என்பார்கள். பேருந்து நேரம் காட்டும் ஆப்பைப் பற்றி எழுதும்போது கொள்ளலாம். படம் ஓட்டும் மென்பொருளை ஒப்பிடும்போது முடியாது. சுருக்கி வைத்த படத்தை விரிப்பது சில்லில் அதற்கென அமைந்த சுற்றா, ஆப்பின் நிரலா என்பதே அங்கே முதற்கேள்வி. எச்.265 முறையில் சுருக்கிய படத்தை விரிக்கும் சுற்று பழைய சில்லுகள் பலவற்றில் இல்லை. அப்போது வி.எல்.சி. போன்ற ஆப் அந்த வேலையைத் தன் நிரலாலேயே செய்ய முற்பட்டு, எல்லா வேலைக்குமான சில்லின் பொதுக் கருக்கள்மேல் (கோர்) முழுச் சுமையையும் ஏற்றுகிறது; கைப்பேசி சுடுகிறது, சார்ஜ் இறங்குகிறது, படம் பின்தங்குகிறது. ‘செயலியே விரித்துக்கொள்ளும்’ என்று எழுதினால் இரண்டில் எதை எடுத்துக்கொள்வது? ஆப்பைக் ‘குறுஞ்செயலி’ என்பதும் தீர்வாகாது. நுண்செயலிக்குப் பக்கத்தில் அதை வைத்தால், ஒரே பொருளின் சிறியதும் பெரியதும்போலத் தோன்றும்.

ஆப்புக்கு ‘பயன்பாடு’ என்பதே என் தேர்வு, ஆங்கிலச் சொல்லின் பொருளும் அதுவே. ‘பயன்பாட்டின் பயன்பாடு’ என்று இடறும் என்ற மறுப்பு உண்டு. அந்த இடத்திற்குப் ‘பயன்படுத்துதல்’ இருக்கிறது. பேச்சில் ஆப் என்றே சொன்னாலும் குழப்பமில்லை, அதில் எனக்கு வருத்தமும் இல்லை. மொழிபெயர்ப்பாளர்கள் ‘விண்ணப்பத்தைப் பதிவிறக்கவும்’ என்றும், ஒன்றே ஒன்றுக்கு ‘இந்த ஆப்ஸ்’ என்றும் எழுதுவதைத்தான் பொறுக்க முடியவில்லை. தாம் எழுதியதை ஒருமுறை வாய்விட்டுப் படித்திருந்தால் அவை நின்றிருக்கா.

‘கைப்பேசியின் செயலியில் எச்.265ஐ விரிக்கும் சுற்று இல்லையென்றால், பயன்பாட்டை மாற்றினாலும் படம் திணறக்கூடும், பழைய எச்.264 முறையில் சுருக்கிய பிரதியை இறக்குங்கள்’ என்று அந்தக் கட்டுரை சொல்லியிருந்தால், பெரியவர் முதல் நாளே வேறு பிரதியைத் தேடியிருப்பார்.