டிகிரி இல்லாமல் வெளிநாட்டில் ஆங்கிலம் கற்பிக்க வேலை அனுமதி கிடைக்குமா?

பிளஸ் டூவோ பாலிடெக்னிக் டிப்ளமோவோ முடித்துவிட்டு, கடலூரிலோ புதுச்சேரியிலோ ஸ்போக்கன் இங்கிலீஷ் சென்டரில் பாடம் நடத்துகிறீர்கள், அடுத்து வெளிநாடு என்று யோசிக்கிறீர்கள் என்றால், முதலில் ஒன்றைத் தெரிந்துகொள்ளுங்கள். ஆன்லைனில் விற்கும் 120 மணி நேர டெஃப்ல் (ஆங்கிலம் கற்பிப்பதற்கான பயிற்சி) சான்றிதழ் டிகிரிக்கு மாற்று ஆகாது. வகுப்பறையில் அது உதவும். டிகிரி கேட்கும் நாட்டின் விசா கவுன்ட்டரில் உதவாது.

சீனா டிகிரி கேட்கிறது. ஆங்கில ஆசிரியர்களுக்குத் தென்கொரியா தரும் ஈ-2 விசா ஆங்கிலம் தாய்மொழியான ஏழு நாட்டவருக்கு உரியது. 2010-இல் நடைமுறைக்கு வந்த வர்த்தக ஒப்பந்தத்தால் இந்தியர்களுக்கும் ஒரு கதவு திறந்தது என்றாலும், அதற்கு டிகிரியோடு ஆங்கில ஆசிரியர் தகுதிச் சான்றும் வேண்டும். தாய்லாந்தில் பள்ளியில் கற்பிக்க ஆசிரியர் கவுன்சிலின் உரிமமோ தற்காலிக அனுமதியோ தேவை, அதற்கும் இளநிலைப் பட்டம் வேண்டும். இந்த மூன்று நாடுகளுக்கும் "டிகிரி இல்லாமலே செட் பண்ணித் தர்றேன்" என்று யாராவது சொன்னால், அவர் சொல்வது டூரிஸ்ட் விசா அல்லது போலிப் பட்டம்.

ஜப்பானில் ஒரு சிறு வழி உண்டு. தனியார் மொழிப் பயிற்சி நிறுவனங்களில் வேலை செய்வோருக்கான 'மனிதவியல், பன்னாட்டுச் சேவை' என்ற வகையில், பட்டதாரிக்கு அனுபவம் தேவையில்லை. பட்டம் இல்லாதவர் மூன்று வருடம் அதே வேலை செய்த அனுபவத்தைக் காட்டலாம். சம்பளம் அதே வேலை பார்க்கும் ஜப்பானியருக்குக் குறையக் கூடாது. விண்ணப்பத்தை ஜப்பானில் உள்ள நிறுவனம்தான் குடிவரவுத் துறையிடம் போட்டுத் தகுதிச் சான்றிதழ் வாங்க வேண்டும். அது மூன்று மாதம்தான் செல்லும். அதற்குள் சென்னைத் துணைத் தூதரகத்தின் வழியே விசா எடுத்து ஜப்பானில் இறங்கிவிட வேண்டும்.

பெரும்பாலும் சிக்குவது அனுபவச் சான்றில்தான். வீட்டில் டியூஷன் எடுத்ததை நிரூபிக்க முடியாது. கையில் சம்பளம் வாங்கியவர் லெட்டர்ஹெட்டில் எழுதி வாங்கிய ஒரு தாளோடு நின்றுவிடுகிறார். சேர்ந்த தேதி, விலகிய தேதி, வாரத்துக்கு எத்தனை மணி நேரம், என்ன பாடம் என்பதெல்லாம் சான்றில் இருக்க வேண்டும். வங்கியில் சம்பளம் வரவான ஸ்டேட்மென்டோ பி.எஃப். கணக்கோ கூடவே இருந்தால் நல்லது. எல்லாவற்றுக்கும் ஜப்பானிய மொழிபெயர்ப்பும் வேண்டும். பள்ளியில் ஆங்கில மீடியத்தில் படித்ததற்கான ஆதாரத்தையும் எடுத்து வையுங்கள், இந்தியர் ஏன் ஆங்கிலம் கற்பிக்கிறார் என்ற கேள்விக்கு அதுதான் பதில்.

கம்போடியாவின் வேலை அனுமதிக்கு டிகிரி பொது நிபந்தனை அல்ல. கேட்பதும் விடுவதும் பெரும்பாலும் பள்ளியின் விருப்பம். நுழையும்போதே 'ஈ' வகை சாதாரண விசா எடுங்கள். கட்டணம் 35 டாலர், 30 நாள் செல்லும். ஐந்து டாலர் மிச்சம் என்று டூரிஸ்ட் விசாவில் போனால் அதை அங்கே மாற்ற முடியாது, வெளியேறித்தான் திரும்பி வர வேண்டும். வேலைக் கடிதத்தைக் காட்டி 'ஈ' விசாவை ஒரு வருடம் வரை நீட்டிக்கலாம். ஆனால் நீட்டித்த விசா வேலை அனுமதி ஆகாது. அனுமதியைப் பள்ளி தனியாக ஆன்லைனில் வாங்க வேண்டும், அதற்குப் பள்ளியிடம் வெளிநாட்டு ஊழியர் ஒதுக்கீடு இருக்க வேண்டும். "இந்த வருட ஒதுக்கீடு வாங்கியிருக்கிறீர்களா?" என்று வேலையை ஏற்கும் முன்பே கேட்டுவிடுங்கள்.

கம்போடியா, மியான்மர், லாவோஸ் பெயரில் ஆள் பிடித்து இணைய மோசடிக் கூடங்களில் அடைப்பதைப் பற்றி வெளியுறவுத் துறை பலமுறை எச்சரித்திருக்கிறது. பாடம் நடத்திக் காட்டச் சொல்லாமல் டைப்பிங் வேகத்தைக் கேட்கும் 'பள்ளி'யை அத்தோடு விட்டுவிடுங்கள். ஏஜென்ட்டின் உரிமம் நடப்பில் இருக்கிறதா என்று வெளியுறவுத் துறையின் இ-மைக்ரேட் தளத்தில் பார்க்கலாம். சேவைக் கட்டணத்தின் உச்சவரம்பு 30,000 ரூபாய், அதன்மேல் 18 சதவீதம் ஜி.எஸ்.டி.; ரசீது கட்டாயம் கேளுங்கள். ஊரில் உட்கார்ந்து பணம் வாங்கும் சப்-ஏஜென்ட்டுக்குச் சட்டத்தில் இடமில்லை.

(புதுச்சேரியில் பிரெஞ்சுப் பாஸ்போர்ட் வைத்திருப்பவர்களின் கதை வேறு. ஐரோப்பிய ஒன்றிய நாடுகளில் அவர்களுக்கு வேலை அனுமதியே வேண்டாம். பள்ளி எடுத்துக்கொண்டால் போதும்.)

ஜப்பானுக்காக மூன்று வருட அனுபவம் சேர்ப்பவர், அதே மூன்று வருடத்தில் தபால்வழியில் பி.ஏ.வையும் முடித்துவிடலாம் என்பதே எங்கள் யோசனை. அப்போது தாய்லாந்துக்குக் குறைந்தபட்சத் தகுதியாவது கைக்கு வரும். சேரும் முன், அந்தப் பல்கலைக்கழகத்தின் அந்தப் படிப்புக்கு, நீங்கள் சேரும் கல்வியாண்டில், யுஜிசி அனுமதி இருக்கிறதா என்று பாருங்கள். சிதம்பரம் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் தொலைதூரப் படிப்புகள் 2014-15க்குப் பிறகு அனுமதியின்றி நடந்ததாக 2022 மார்ச்சில் யுஜிசி அறிவித்தது. பெரிய பெயர் என்பதால் சரிபார்க்காமல் விட்டுவிடாதீர்கள். யுஜிசியின் தொலைநிலைக் கல்விப் பிரிவு இணையதளத்தில் ஆண்டுவாரியாகப் பட்டியல் இருக்கிறது. உங்கள் ஆண்டின் பக்கத்தை அச்செடுத்து மார்க் ஷீட்டோடு வைத்துக்கொள்ளுங்கள்.