புதுக்கோட்டைக்கு ஏன் நான்கு எம்.பி.?

புதுக்கோட்டை மாவட்டத்தில் ஆறு சட்டமன்றத் தொகுதிகள். தமிழ்நாட்டில் ஒரு மக்களவைத் தொகுதிக்கும் ஆறு சட்டமன்றத் தொகுதிதான் கணக்கு. 234-ஐ 39-ஆல் வகுத்துப் பாருங்கள். அப்படியே ஒரே எம்.பி. தொகுதியாக விட்டிருக்கலாம். ஆனால் 2008-ல் தொகுதி எல்லைகளை மாற்றி வரைந்தபோது கந்தர்வகோட்டையும் புதுக்கோட்டையும் திருச்சியோடு, திருமயமும் ஆலங்குடியும் சிவகங்கையோடு, அறந்தாங்கி ராமநாதபுரத்தோடு, விராலிமலை கரூரோடு போய்விட்டன. 2009 தேர்தலிலிருந்து புதுக்கோட்டை என்ற பெயரில் மக்களவைத் தொகுதியே கிடையாது.

தொகுதி மறுவரையறை என்றாலே எத்தனை இடம் கூடும், எத்தனை குறையும் என்பதுதான் பேச்சாக இருக்கிறது. அது பெரிய விஷயம்தான். ஆனால் 2008 மறுவரையறையில் தமிழகத்தின் 39-ம் மாறவில்லை, 234-ம் மாறவில்லை. எல்லைக்கோடு மட்டும்தான் நகர்ந்தது. யாரும் அதிகம் பேசாத அந்தக் கோட்டைப் பற்றித்தான் இங்கே சொல்ல வருகிறேன்.

கோட்டுக்கு என்ன சக்தி? 50 வாக்காளர்கள், பத்துப் பத்துப் பேராக ஐந்து தொகுதி என்று வைத்துக்கொள்வோம். அ கட்சிக்கு 30 பேர், ஆ கட்சிக்கு 20 பேர். வரைகிறவர் ஆ கட்சிக்காரர் என்றால், அ கட்சியினரில் 18 பேரை இரண்டு தொகுதிகளில் ஒன்பது ஒன்பதாகத் திணித்துவிடுவார். மிச்சமுள்ள 12 பேரை மூன்று தொகுதிக்கு நான்கு நான்காகச் சிதறடிப்பார். அந்த மூன்றிலும் ஆ கட்சிக்கு ஆறு ஆறு ஓட்டு. முடிவில் 20 ஓட்டுக் கட்சிக்கு 3 இடம், 30 ஓட்டுக் கட்சிக்கு 2 இடம். கள்ள ஓட்டு ஒன்றுகூட விழவில்லை.

அமெரிக்காவில் இதற்கு ஜெரிமாண்டரிங் என்று பெயர். 1812-ல் மாசசூசெட்ஸ் ஆளுநர் எல்பிரிட்ஜ் கெர்ரி கையெழுத்திட்ட வரைவில் ஒரு தொகுதி சாலமாண்டர் என்ற பல்லி போன்ற பிராணி மாதிரி வளைந்து கிடந்தது. இரண்டு பெயரும் ஒட்டிக்கொண்டன. அங்கே பல மாநிலங்களில் இன்றும் சட்டமன்றமே, அதாவது ஆளுங்கட்சியே, தொகுதிகளை வரைகிறது. கட்சி ஆதாயத்துக்காக வரைந்தார்கள் என்ற வழக்கைக் கூட்டாட்சி நீதிமன்றங்கள் தீர்க்க முடியாது என்று 2019-ல் அந்நாட்டு உச்ச நீதிமன்றம் 5-4 என்று கைவிரித்துவிட்டது.

நம் நாட்டில் அந்த வேலை ஆளுங்கட்சி கையில் இல்லை. 2002 மறுவரையறைச் சட்டப்படி மறுவரையறை ஆணையம்தான் வரையும். அதில் மூன்று பேர்: உச்ச நீதிமன்றத்தில் பதவியில் இருக்கும் அல்லது ஓய்வுபெற்ற நீதிபதி ஒருவர், தலைமைத் தேர்தல் ஆணையர் அல்லது அவர் நியமிக்கும் ஆணையர், சம்பந்தப்பட்ட மாநிலத்தின் தேர்தல் ஆணையர். மாநிலத்துக்கு ஐந்து எம்.பி., ஐந்து எம்.எல்.ஏ. கூட உட்காருவார்கள். பேசலாம், ஓட்டுப் போட முடியாது.

எதை வைத்து வரைய வேண்டும் என்பது அந்தச் சட்டத்தின் 9-வது பிரிவில் இருக்கிறது. தொகுதி முடிந்தவரை ஒரே பரப்பாகச் சேர்ந்திருக்க வேண்டும். மலை, ஆறு போன்ற இயற்கை அமைப்பு, நிர்வாக எல்லை, போக்குவரத்து, மக்கள் வசதி ஆகியவற்றைப் பார்க்க வேண்டும். பட்டியல் சாதியினருக்கான தனித் தொகுதிகளை, அவர்கள் அதிகம் வாழும் இடங்களில், மாநிலம் முழுக்கப் பரவலாக அமைக்க வேண்டும். கட்சி லாபம் பார்த்து வரையாதே என்று மட்டும் ஒரு வரி அதில் இல்லை. பார்க்க மாட்டார்கள் என்ற நம்பிக்கைதான்.

அந்த நம்பிக்கை எவ்வளவு தாங்கும் என்பதற்கு 2022 ஜம்மு காஷ்மீரைப் பார்க்கலாம். 2011 கணக்கெடுப்பின்படி காஷ்மீரில் சுமார் 69 லட்சம் பேர், ஜம்முவில் சுமார் 54 லட்சம் பேர். புதிதாகச் சேர்த்த ஏழு சட்டமன்றத் தொகுதிகளில் ஆறு ஜம்முவுக்குப் போயின. பீர் பாஞ்சால் மலைக்கு அந்தப் பக்கம் இருக்கும் ரஜௌரியையும் பூஞ்ச்சையும் இந்தப் பக்கத்து அனந்த்நாக்கோடு சேர்த்து ஒரே மக்களவைத் தொகுதி ஆக்கினார்கள். நடுவே போகும் முகல் சாலையைக் குளிர்காலத்தில் பனி மூடிவிடும். நில அமைப்பு, எல்லைக்கு அருகில் இருப்பது என்று ஆணையம் காரணங்கள் சொன்னது. எனக்கு அவை போதவில்லை.

சரி, நாம் என்ன செய்யலாம்? ஆணையம் முதலில் வரைவை அரசிதழிலும் நாளிதழ்களிலும் வெளியிட்டு, ஒரு தேதிக்குள் ஆட்சேபணை கேட்கும். அப்புறம் பொதுக் கருத்துக்கேட்புக் கூட்டங்கள் நடக்கும். வாய்ப்பு அந்தச் சில வாரம்தான். இறுதி ஆணை வந்துவிட்டால் நாடாளுமன்றமும் திருத்த முடியாது. அதற்குச் சட்ட வலிமை உண்டு, நீதிமன்றத்தில் கேள்வி கேட்க முடியாது என்று 1966-லேயே உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. அப்பட்டமாகத் தன்னிச்சையாக இருந்தால் தலையிடலாம் என்று 2024-ல் ஒரு சின்னக் கதவைத் திறந்து வைத்தது. அதை நம்பி உட்கார்ந்திருக்க வேண்டாம்.

மனுவில் "எங்கள் ஊருக்கு அநியாயம்" என்று மட்டும் எழுதினால் வேலைக்கு ஆகாது. எந்த ஊராட்சி, எத்தனை பேர், தொகுதியின் மற்ற பகுதிக்குப் போக நேர்ச் சாலை இருக்கிறதா, தாலுகா எந்தப் பக்கம் என்று 9-வது பிரிவு கேட்கும் விஷயங்களையே எழுதுங்கள். உங்கள் ஊரை வேறு தொகுதியில் சேர்க்கச் சொன்னால், இங்கே குறையும் மக்கள்தொகைக்கு ஈடாக எந்த ஊர் வர வேண்டும் என்பதையும் நீங்களே சொல்லிவிடுங்கள்.