சுரங்கத்துக்குள் கேனரிக்கு என்ன வேலை?

ஆங்கிலச் செய்திகளைப் புதிதாகப் படிக்கத் தொடங்கியிருக்கும் வாசகர் ஒருவர் கேட்டிருந்தார்: "பவளப்பாறைகளைப் பற்றிய கட்டுரையில் 'கேனரி இன் எ கோல் மைன்' (நிலக்கரிச் சுரங்கத்தில் ஒரு கேனரிப் பறவை) என்று வருகிறதே, கடலுக்குள் நிலக்கரிச் சுரங்கம் எங்கிருந்து வந்தது?"

பெரிய ஆபத்தை முன்கூட்டியே காட்டிக்கொடுக்கும் முதல் அறிகுறியைத்தான் ஆங்கிலத்தில் அப்படிச் சொல்வார்கள். கடல் சூடேறினால் பவளங்கள் முதலில் வெளுத்துவிடும். அதனால் அவை கேனரி. ஆனால் இது வெறும் உவமை இல்லை. உண்மையிலேயே அந்தச் சின்ன மஞ்சள் பறவைகள் சுரங்கத்துக்குள் போயிருக்கின்றன.

1896 ஜனவரியில் தெற்கு வேல்ஸின் டைலர்ஸ்டவுன் சுரங்கத்தில் வெடிவிபத்து. 57 பேர் இறந்தார்கள். உடல்களை ஆராய்ந்த ஸ்காட்லாந்து உடலியல் அறிஞர் ஜான் ஸ்காட் ஹால்டேன், பெரும்பாலோரைக் கொன்றது வெடிப்பு அல்ல, அதன் பிறகு பரவிய கார்பன் மோனாக்சைடு என்று கண்டார். நிறமும் மணமும் இல்லாத வாயு. இரத்தத்தில் ஆக்சிஜனைச் சுமக்கும் ஹீமோகுளோபினை இது ஆக்சிஜனைவிட 200 மடங்குக்கும் மேல் இறுக்கமாகப் பிடித்துக்கொள்ளும் என்று பள்ளியிலேயே படித்திருப்போம். மனிதருக்கு முன்னால் மயங்கிவிழும் சிறு உயிர் ஒன்றை உடன் கொண்டுபோகலாம் என்றார் ஹால்டேன். எலியையும் பயன்படுத்தினார்கள். ஆனால் கேனரி தள்ளாடுவதும் குச்சியிலிருந்து விழுவதும் சட்டென்று கண்ணில் படும்.

சரி, பறவை ஏன் நமக்கு முன்னால் விழுகிறது? உடல் சிறியது, மூச்சு வேகமானது என்பது ஒரு காரணம். இன்னொன்றுதான் எனக்கு அலுக்காத அதிசயம்.

நம் நுரையீரல் ஒரே வாசல் உள்ள அறை. காற்று வந்த வழியே திரும்பிப் போக வேண்டும். பழைய காற்று கொஞ்சம் எப்போதும் தேங்கி நிற்கும். பறவையின் நுரையீரலோ கிட்டத்தட்ட விரியாது, சுருங்காது. அதைச் சுற்றியுள்ள காற்றுப் பைகள்தான் துருத்தி வேலையைச் செய்கின்றன. இழுத்த மூச்சில் பெரும்பகுதி முதலில் பின்பக்கப் பைகளுக்குப் போகிறது. மூச்சை விடும்போது அங்கிருந்து நுரையீரலுக்குள் பாய்கிறது. அடுத்த மூச்சில் முன்பக்கப் பைகளுக்கு நகர்ந்து, அதற்கடுத்த வெளிமூச்சில்தான் வெளியேறுகிறது. ஆக, மூச்சை இழுத்தாலும் விட்டாலும் நுரையீரலில் புதுக்காற்று ஒரே திசையில் ஓடிக்கொண்டே இருக்கிறது. இத்தனைக்கும் வழியில் மூடித் திறக்கும் கதவு எதுவும் கிடையாது. குழாய்கள் கிளைபிரியும் வடிவமே காற்றைத் திருப்பிவிடுகிறது! ஆக்சிஜனை அள்ள அமைந்த இந்த ஏற்பாடு நச்சு வாயுவையும் அதே வேகத்தில் அள்ளிவிடுகிறது.

இந்த ஓட்டம் கேனரிகள் சுரங்கத்துக்குப் போய்ப் பல பத்தாண்டுகள் கழித்துத்தான் தெளிவானது. உடலியல் அறிஞர் கினூட் ஷ்மிட்-நீல்சன் 1960களில் நெருப்புக்கோழிகளைத் தூய ஆக்சிஜனைச் சுவாசிக்க வைத்து, அது எந்தப் பைக்கு எப்போது போகிறது என்று அளந்தார். இப்படிப்பட்ட ஆய்வுக்குப் பணம் கேட்டால் "இதனால் என்ன பயன்?" என்று கேட்பதை முதல் கேள்வியாக வைக்கக் கூடாது என்பது என் உறுதியான கருத்து.

மயங்கிய பறவையைச் சாகவிடாமல் காக்கவும் ஒரு கூண்டு செய்தார்கள். மேலே சிறிய ஆக்சிஜன் உருளை. கேனரி விழுந்ததும் கதவை மூடி வால்வைத் திறப்பார்கள். கொஞ்ச நேரத்தில் அது எழுந்துகொள்ளும். அப்படி ஒரு கூண்டு மான்செஸ்டரில் உள்ள அறிவியல், தொழில்துறை அருங்காட்சியகத்தின் சேகரிப்பில் இருக்கிறது. 1986இல் மின்னணுக் கருவிகள் வந்து, பிரிட்டிஷ் சுரங்கங்களில் எஞ்சியிருந்த 200க்கும் அதிகமான கேனரிகளுக்கு விடை கொடுக்க முடிவானது. அதுவரை வேலைக்கு நடுவே தொழிலாளர்கள் அவற்றைப் பார்த்துச் சீட்டியடித்துக் கொஞ்சுவார்களாம்.