கிரிப்டோ கணக்கும் ஆள்மாறாட்ட மோசடியும்: எதைக் கேட்க யாருக்கு அதிகாரம் உண்டு?

இந்தியாவில் பிட்காயின் போன்ற கிரிப்டோ நாணயங்களை வாங்குவதும் விற்பதும் குற்றமல்ல. இத்தகைய வணிகத்துக்கு வங்கிகள் சேவை தரக்கூடாது என்று 2018 ஏப்ரலில் ரிசர்வ் வங்கி பிறப்பித்த சுற்றறிக்கையை உச்ச நீதிமன்றம் 2020 மார்ச் 4 அன்று ரத்து செய்தது. மெய்நிகர் டிஜிட்டல் சொத்து என்ற பெயரில் 2022 முதல் அதற்கு வருமான வரி விதிக்கப்படுகிறது. கிரிப்டோ ஒருவர் உடைமையாக வைத்திருக்கக்கூடிய சொத்தே என்று 2025 அக்டோபரில் சென்னை உயர் நீதிமன்றமும் கூறியது. எனினும், வங்கி வைப்புக்கு உள்ள 5 லட்சம் ரூபாய்க் காப்பீடு, கிரிப்டோவை வாங்கி விற்க உதவும் தளமான எக்ஸ்சேஞ்சில் உள்ள கணக்குக்குக் கிடையாது. எக்ஸ்சேஞ்ச் மீதான குறையை ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரிடம் கொண்டுசெல்லவும் வழியில்லை. தவறான கைக்குப் பணம் போனபின் மீட்கும் வாய்ப்பு மிகக் குறைவு என்பதால்தான், எக்ஸ்சேஞ்சின் ஊழியராகவோ அரசு அதிகாரியாகவோ நடித்து ஏமாற்றுபவர்கள் இந்தத் துறையை நாடி வருகிறார்கள்.

இவர்களிடமிருந்து தப்பிக்க, எந்த அலுவலகம் உங்களிடம் எதைக் கேட்கலாம், அதை எந்த வழியில் கேட்கும் என்ற விதியை அறிந்திருப்பதே எல்லாவற்றிலும் பயன்தரும் காப்பு என்று நான் கருதுகிறேன். மோசடிக்காரர் குரலையும் முத்திரையையும் அடையாள அட்டையையும் போலியாகச் செய்துவிடலாம். அந்த அலுவலகத்தின் உண்மையான நடைமுறைக்குள் புகுந்து அவரால் பணம் வாங்க முடியாது.

முதலில் எக்ஸ்சேஞ்சை எடுத்துக்கொள்வோம். 2023 மார்ச் 7 அறிவிக்கையின்படி, இந்தியாவில் கிரிப்டோ சேவை அளிக்கும் நிறுவனங்கள் பணமோசடித் தடுப்புச் சட்டத்தின் கீழ் வருகின்றன. வெளிநாட்டில் இயங்கினாலும் இந்தியர்களுக்குச் சேவை தரும் எக்ஸ்சேஞ்ச் மத்திய நிதிப் புலனாய்வுப் பிரிவில் பதிவு செய்தாக வேண்டும். அப்படிப் பதிவு செய்யாததற்காக பைனான்ஸ், குகாயின் உள்ளிட்ட 9 நிறுவனங்களுக்கு 2023 டிசம்பரில் அந்தப் பிரிவு நோட்டீஸ் அனுப்பியது. சட்டம் கோருவதால் பான் எண்ணையும் அடையாள ஆவணங்களையும் எக்ஸ்சேஞ்ச் உங்களிடம் கேட்பது முறையானதே. ஆனால் அதை நீங்களாகத் திறந்த செயலிக்குள் கேட்க வேண்டுமே தவிர, வாட்ஸ்அப்பிலும் டெலிகிராமிலும் வந்த இணைப்பின் வழியாக அல்ல. பதிவு என்பது பண வரவு செலவைக் கண்காணிப்பதற்கான ஏற்பாடு. உங்கள் முதலீட்டுக்கு அரசு தரும் உத்தரவாதமாக அதைக் கொள்ளக் கூடாது. உண்மையான நிறுவனத்தின் பதிவு விவரத்தை நகலெடுத்துத் தங்கள் பக்கத்தில் போட்டுக்கொள்ளும் போலித் தளங்களும் இருக்கக்கூடும் என்பதால், பதிவுச் சான்றிதழின் படத்தைப் பார்த்த மாத்திரத்தில் நம்பிவிட வேண்டாம்.

கடவுச்சொல், ஓடிபி, ஆத்தென்டிகேட்டர் செயலியில் மாறிக்கொண்டே இருக்கும் ஆறு இலக்க எண், உங்கள் சொந்த வாலட்டின் (கிரிப்டோவை வைத்திருக்க உதவும் செயலி அல்லது கருவி) 12 அல்லது 24 மீட்புச் சொற்கள் ஆகியவற்றை ஒரு வாடிக்கையாளர் சேவை ஊழியர் கேட்பதற்கு எந்தச் சட்டமும் இடம் தரவில்லை, எந்த வேலைக்கும் அவை அவருக்குத் தேவையும் இல்லை. மீட்புச் சொற்கள் யாரிடம் இருக்கின்றனவோ அவர் அந்த வாலட்டில் உள்ள முழுத் தொகையையும் வேறு எந்த அனுமதியும் இன்றி எடுத்துவிட முடியும். ‘வாலட்டைச் சரிபார்க்க வேண்டும்’ என்றோ ‘ஒத்திசைக்க வேண்டும்’ என்றோ சொல்லி அந்தச் சொற்களைத் தட்டச்சு செய்யக் கேட்கும் பக்கம் எதுவானாலும், அது அவற்றைத் திருடுவதற்காக அமைக்கப்பட்டது என்றே கொள்ளுங்கள்.

இந்த அழைப்புகள் எப்படி நகர்கின்றன என்பதைக் கவனித்தால் எச்சரிக்கை எளிதாகும். ‘உங்கள் கணக்கில் வேறு ஊரிலிருந்து யாரோ நுழைந்திருக்கிறார்கள் சார், இன்னும் பத்து நிமிடத்தில் பணத்தை எடுத்துவிடுவார்கள்’ என்று பணிவான குரலில் தொடங்குவார்கள். உங்கள் பெயர், முகவரி, மின்னஞ்சல், சில வேளைகளில் கணக்கின் இருப்புத் தொகையைக் கூடச் சரியாகச் சொல்வார்கள். பிறகு திரையைப் பகிரும் செயலி ஒன்றை நிறுவச் சொல்வார்கள், அல்லது ‘பாதுகாப்பு வாலட்’ என்று ஒரு முகவரியைக் கொடுத்து, இருப்பதையெல்லாம் அங்கே மாற்றிவிடுமாறு அவசரப்படுத்துவார்கள். உங்கள் விவரங்களைத் தெரிந்து வைத்திருப்பதால் மட்டும் ஒருவர் எக்ஸ்சேஞ்ச் ஊழியராகிவிட மாட்டார். அமெரிக்காவின் காயின்பேஸ் நிறுவனம், தன் வாடிக்கையாளர் சேவைப் பணியில் இருந்த சிலர் லஞ்சம் பெற்றுக்கொண்டு வாடிக்கையாளர் விவரங்களை வெளியே கொடுத்துவிட்டதாக 2025 மே மாதத்தில் அறிவித்தது. நிறுவனத்தின் பெயரில் வாடிக்கையாளர்களை அழைத்து ஏமாற்றுவதற்காகவே அந்த விவரங்கள் வாங்கப்பட்டன. இப்படி அழைப்பு வந்தால் பேச்சைத் துண்டித்துவிட்டு, நீங்களே செயலியைத் திறந்து அதற்குள் இருக்கும் உதவிப் பகுதியில் கேளுங்கள். வாடிக்கையாளர் சேவை எண்ணை கூகுளில் தேடி எடுப்பதையும் தவிர்த்துவிடுங்கள், ஏனெனில் தேடலில் மேலே தெரிவது மோசடிக்காரர் பணம் கட்டிப் போட்ட விளம்பரமாக இருக்கலாம்.

அடுத்து வருவது வரி. அதிகம் பேர் ஏமாறுவதற்கு வழிவிடும் இடம் இது என்பதால் சற்று விரிவாகவே சொல்கிறேன். கிரிப்டோவில் கிடைத்த லாபத்துக்கு 30 சதவீத வரியும் அதன்மேல் செஸ்ஸும் உண்டு. இந்த வரியை ஆண்டுக் கணக்கில் பார்த்து, உங்கள் பான் எண்ணின் பெயரில், வருமான வரித் துறையின் இணையதளம் வழியாக நீங்களே அரசுக்குச் செலுத்துகிறீர்கள். இது தவிர, 2022 ஜூலை 1 முதல் விற்பனைத் தொகையில் 1 சதவீதம் டிடிஎஸ் பிடிக்கப்படுகிறது. 1,00,000 ரூபாய்க்கு விற்றால் எக்ஸ்சேஞ்ச் 1,000 ரூபாயை வரவேண்டிய தொகையிலேயே கழித்துக்கொண்டு மீதியைக் கொடுக்கும். கழித்த தொகை உங்கள் பான் எண்ணின் கீழ் வரவாகப் பதிவாகும். பணத்தை வெளியே எடுப்பதற்கு முன்னதாகத் தனியாக வரி கட்டு என்று சொல்லும் நடைமுறை இந்த இரண்டிலும் இல்லை.

போலித் தளங்களில் நடப்பதோ வேறு. எடுத்துக்காட்டாக, 2,00,000 ரூபாய் போட்ட ஒருவருக்குத் திரையில் 9,00,000 ரூபாய் இருப்பதாகக் காட்டுவார்கள். அவர் எடுக்க முனையும்போது, ‘லாபம் 7 லட்சம், 30 சதவீத வரியாக 2,10,000 ரூபாய் கட்டினால் தொகை விடுவிக்கப்படும்’ என்று செய்தி வரும். கணக்கு சரியாக இருப்பதாலும், அந்த வரி உண்மையிலேயே நாட்டில் இருப்பதாலும் அவர் நம்பிவிடுகிறார். கட்டச் சொல்லும் இடம் ஒரு தனியார் வங்கிக் கணக்கோ யுபிஐ முகவரியோ வாலட் முகவரியோவாக இருப்பதை அந்தப் பதற்றத்தில் அவர் கவனிப்பதில்லை. வரியை முன்கூட்டித் தன்னிடமே கட்டச் சொல்லும் தளத்தில் எடுப்பதற்குப் பணமே இல்லை. அதற்கு மேல் ஒரு ரூபாயும் அனுப்பாமல் புகார் கொடுக்க வேண்டிய நேரம் அதுவே.

அரசு அதிகாரி வேடத்தில் வருபவர்களைச் சோதிக்க எளிய வழிகள் உள்ளன. 2019 அக்டோபர் முதல் வருமான வரித் துறையின் கடிதங்களில் டின் எனப்படும் ஆவண அடையாள எண் இருக்கும்; துறையின் இ-ஃபைலிங் இணையதளத்தில், கணக்குக்குள் நுழையாமலேயே, கடிதம் உண்மையானதா என்று பார்த்துக்கொள்ளலாம். அமலாக்கத் துறையின் அழைப்பாணையில் கியூஆர் குறியீடும் கடவுக்குறியும் இருக்கும்; அதையும் அத்துறையின் இணையதளத்தில் சரிபார்க்கலாம். வீடியோ அழைப்பில் சீருடையுடன் தோன்றி ‘டிஜிட்டல் கைது’ செய்துவிட்டதாகச் சொல்வதற்கு இந்தியச் சட்டத்தில் இடமே கிடையாது.

பணம் போய்விட்டது என்று தெரிந்தால் உடனே 1930 என்ற தேசிய சைபர் குற்ற உதவி எண்ணை அழைக்கும் உரிமை உங்களுக்கு உண்டு. அங்கே பதிவாகும் புகார் உரிய வங்கிக்குச் செல்லும். பணம் இன்னும் அந்தக் கணக்கில் இருந்தால் வங்கி அதை நிறுத்திவைக்கும், அடுத்த வங்கிக்குப் போயிருந்தால் புகாரும் பின்தொடர்ந்து அங்கே போகும். ரூபாயாக அனுப்பிய தொகைக்கே இந்த ஏற்பாட்டில் வாய்ப்பு அதிகம் என்பதால், அழைக்கும் நேரம் மிக முக்கியம்; அவமானம் என்று கருதி ஓர் இரவு தள்ளிப்போடுவதற்குள் பணம் பல கணக்குகளைக் கடந்துவிடும். கிரிப்டோவாக அனுப்பியதைத் திருப்ப யாராலும் இயலாது. ஆயினும் அது ஓர் எக்ஸ்சேஞ்ச் கணக்கில் போய் நின்றிருந்தால், காவல்துறை அந்தக் கணக்கை முடக்கச் சொல்லலாம். எக்ஸ்சேஞ்சுகள் வாடிக்கையாளர் விவரங்களையும் பரிவர்த்தனைப் பதிவுகளையும் 5 ஆண்டுகள் பாதுகாக்க வேண்டும் என்று மத்திய அரசின் கணினிப் பாதுகாப்பு அமைப்பான செர்ட்-இன் 2022இல் உத்தரவிட்டிருப்பது விசாரணைக்கு உதவும்.

அழைக்கும்போது, பணம் எடுக்கப்பட்ட கணக்கு எண், யுபிஐ பரிவர்த்தனையின் 12 இலக்கக் குறிப்பு எண், அனுப்பிய நேரம், கிரிப்டோவானால் வாலட் முகவரி, பரிவர்த்தனை ஹாஷ் (அந்தப் பரிமாற்றத்துக்கு உரிய தனி அடையாளக் குறியீடு) ஆகியவற்றைக் கையில் வைத்திருங்கள். உரையாடலை அழித்துவிடாதீர்கள், திரைப் பிடிப்பு எடுத்து வையுங்கள். பின்னர் தேசிய சைபர் குற்றப் புகார் இணையதளத்தில் புகாரை முழுமையாக்கி, ஒப்புகை எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். ‘இது எங்கள் எல்லைக்குள் வராது’ என்று காவல் நிலையம் உங்களைத் திருப்பி அனுப்ப முடியாது. குற்றவியல் நடைமுறைச் சட்டமான பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 173ஆம் பிரிவின்படி குற்றம் எங்கே நடந்திருந்தாலும் எந்தக் காவல் நிலையத்திலும் தகவல் அளிக்கலாம். மின்னணு வழியில் அளித்தால் 3 நாட்களுக்குள் நேரில் சென்று கையொப்பமிட வேண்டும். கணினி வழி ஆள்மாறாட்டம் செய்து ஏமாற்றுவோருக்குத் தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 66டி பிரிவில் 3 ஆண்டு வரை சிறையும் 1 லட்சம் ரூபாய் வரை அபராதமும் உண்டு.

புகார் கொடுத்த சில நாட்களில், இழந்த கிரிப்டோவை மீட்டுத் தருவதாக வேறொருவர் தொடர்புகொள்வது வழக்கம். வழக்கறிஞர், சைபர் நிபுணர், புலனாய்வு அதிகாரி என்று ஏதேனும் ஒரு பெயரில் வந்து முன்பணம் கேட்பார். பல வேளைகளில் முதலில் ஏமாற்றிய கும்பலின் பட்டியலில் இருந்தே உங்கள் எண் அவருக்குக் கிடைத்திருக்கும். நிறுத்திவைக்கப்பட்ட பணத்தை விடுவிக்க 1930 சேவையோ காவல்துறையோ கட்டணம் எதுவும் வாங்குவதில்லை. அப்படிக் கேட்டவரின் எண்ணையும் செய்தியையும் அதே ஒப்புகை எண்ணைக் குறிப்பிட்டு விசாரணை அதிகாரியிடம் சேர்த்துவிடுங்கள்.