இரண்டு மாத பில்லும் ஒன்பதரை மணி மிரட்டலும்

“கடந்த மாத பில் கட்டணம் பதிவாகவில்லை, இன்றிரவு 9.30 மணிக்கு உங்கள் மின் இணைப்பு துண்டிக்கப்படும், உடனே மின் அதிகாரியைத் தொடர்பு கொள்ளவும்” என்ற குறுஞ்செய்தி சில ஆண்டுகளாக நாடெங்கும் சுற்றி வருகிறது. சென்னையிலும் அதை நம்பிப் பணம் இழந்தவர்கள் உண்டு. ஆனால் தமிழ்நாட்டில் வீட்டு மின் கணக்கு நெடுங்காலமாக இரண்டு மாதங்களுக்கு ஒருமுறைதான் எடுக்கப்படுகிறது. மாதாமாதம் பில் வரும் ஊர்களுக்காக எழுதப்பட்ட மோசடி அது. மயிலாப்பூரிலோ பெரம்பூரிலோ எந்த வீட்டில் கேட்டாலும் இந்த இரண்டு மாதக் கணக்கைச் சொல்வார்கள். அது தெரிந்தவர்களே செய்தியில் இருந்த எண்ணை அழைத்தார்கள் என்பதால், அறியாமையே காரணம் என்று சொல்லிவிட்டுப் போக முடியாது.

ஒரு செய்தி மனத்தில் பதிந்திருப்பது வேறு, வேண்டிய நொடியில் அது நினைவுக்கு வருவது வேறு. ஒரே நேரத்தில் நாம் மனத்தில் வைத்துக் கையாளக்கூடியவை மிகச் சில விஷயங்களே. இரவு ஒன்பதரை என்ற கெடு அந்தச் சிறிய இடத்தில் பெரும்பகுதியைப் பிடித்துக்கொள்கிறது. மே மாதப் புழுக்கத்தில் மின்விசிறி நின்றுபோகும் என்ற அச்சம் மிச்சத்தையும் நிரப்பிவிடுகிறது. மின்வாரிய அலுவலகம் மூடியிருக்கும் வேளையில் நேரில் போய் விசாரிக்கவும் வழியில்லை. அழைத்தால் மறுமுனையில் இருப்பவர் இடைவெளியே விடுவதில்லை: செயலியை நிறுவுங்கள், திரையில் தெரியும் எண்ணைப் படியுங்கள், சரிபார்ப்புக்காகப் பத்து ரூபாய் மட்டும் செலுத்துங்கள் என்று அடுத்தடுத்துக் கட்டளைகள் வருகின்றன. அந்தச் செயலி நம் கைபேசித் திரையைத் தொலைவில் இருப்பவருக்குக் காட்டுவது. பத்து ரூபாய்க்காக நாம் தட்டும் கடவுச்சொல்லும் தொடர்ந்து வரும் ஓ.டி.பி.யும் அதன் வழியே எதிராளிக்குக் கிடைத்துவிடுகின்றன.

காவல் அதிகாரிபோல் நடித்து, காணொளி அழைப்பிலேயே கைது செய்துவிட்டதாக மிரட்டிப் பணம் பறிக்கும் ‘டிஜிட்டல் கைது’ மோசடியின் அமைப்பு இதைவிட நுட்பமானது. அதைப் புரிந்துகொள்ள, 1960-களின் தொடக்கத்தில் அமெரிக்காவின் யேல் பல்கலைக்கழகத்தில் ஸ்டான்லி மில்கிராம் நடத்திய ஆய்வு உதவும். முன்பின் தெரியாத ஒருவருக்கு மின்னதிர்ச்சி கொடுக்குமாறு ஆய்வாளர் கட்டளையிட்டபோது, 40 பேரில் 26 பேர் 450 வோல்ட் என்ற கடைசி அளவுவரை சென்றார்கள் (அதிர்ச்சி உண்மையானதல்ல என்பது அவர்களுக்குத் தெரியாது). பலரும் நினைவில் வைத்திருப்பது இந்த எண்ணிக்கையைத்தான். அதைவிடப் பயனுள்ளவை அவர் பின்னர் செய்த மாறுதல்கள் என்பது என் கருத்து. கட்டளை நேரிலன்றித் தொலைபேசி வழியே வந்தபோது, இறுதிவரை கீழ்ப்படிந்தவர்கள் ஐந்தில் ஒருவராகச் சுருங்கினர். உடனிருந்த இருவர் மறுத்து விலகியபோது அது பத்தில் ஒருவரானது.

டிஜிட்டல் கைது இந்த இரண்டு தடைகளையும் நீக்கிவிடுகிறது. வெறும் குரலுக்குப் பதில் சீருடையும் காவல் நிலையம் போன்ற பின்னணியும் காணொளியில் தோன்றுகின்றன. அழைப்பைத் துண்டிக்கவும் விடுவதில்லை. “வீட்டில் யாரிடமும் சொல்லக்கூடாது” என்ற நிபந்தனையால், “இது என்னப்பா கூத்து” என்று கேட்டிருக்கக்கூடிய மகளோ பக்கத்து வீட்டுக்காரரோ விலக்கப்படுகிறார்கள். காணொளி வழியே கைது செய்யும் முறை இந்தியச் சட்டத்தில் கிடையாது. 2024 அக்டோபரில் பிரதமரே வானொலி உரையில் இதைச் சொன்னார். ஆயினும் தனித்து வைக்கப்பட்டவருக்கு அந்தச் செய்தியை நினைவூட்ட அருகில் ஆள் இல்லை.

ஓ.எம்.ஆர். சாலையின் மென்பொருள் நிறுவனங்களில் ஆபத்து வேறு வடிவில் வருகிறது. அங்கே அச்சத்தைவிடச் சலிப்பே பெரிய எதிரி. 2022-இல் ஊபர் நிறுவனத்துக்குள் ஊடுருவியவர், ஒப்பந்தப் பணியாளர் ஒருவரின் கடவுச்சொல்லைப் பெற்று மீண்டும் மீண்டும் உள்நுழைய முயன்றார். ஒவ்வொரு முறையும் அந்தப் பணியாளரின் கைபேசிக்கு ஒப்புதல் கேட்டு அறிவிப்பு வந்தது. முதலில் மறுத்தவர் கடைசியில் ஒன்றை ஏற்றுக்கொண்டார். ‘கவனமாக இருங்கள்’ என்று மேலும் ஒரு வகுப்பு எடுப்பதால் இது மாறுமா என்பது சந்தேகம்தான். உள்நுழையும் திரையில் தெரியும் எண்ணைக் கைபேசியில் தட்டினால்தான் ஒப்புதல் என்று அமைத்தால், அந்தத் திரையைப் பார்க்காதவர் சலிப்பில் ‘சரி’ என்று தட்டிவிட முடியாது.

ஆளைத் திருத்துவதற்குப் பதில் கருவியைத் திருத்தும் இந்த அணுகுமுறைக்கு வயது அதிகம். இரண்டாம் உலகப்போரின்போது, தரையிறங்கிய பி-17 விமானங்களில் விமானிகள் இறக்கை மடிப்புகளுக்குப் பதிலாகச் சக்கரங்களை மடக்கிவிடுவது ஏன் என்று அமெரிக்க உளவியலாளர் அல்போன்ஸ் சபானிஸ் ஆராய்ந்தார். ஒரே மாதிரியான இரண்டு விசைகளும் அருகருகே இருந்தன. ஒன்றுக்குச் சக்கர வடிவும் மற்றொன்றுக்கு ஆப்பு வடிவும் கொடுக்கவே தவறு நின்றது. கடவுச்சொல் இல்லாமல் கைபேசி போன்ற கருவியின் வழியே உள்நுழையும் இன்றைய பாஸ்கீ முறையும் இவ்வகையே. இணைய முகவரி உண்மையானதா என்று பார்க்கும் வேலையை அது நம் கண்ணிடம் விடாமல் கருவியிடம் தருகிறது. முகவரியில் ஓரெழுத்து மாறினாலும் போலித் தளத்தில் அது இயங்காது.

திருடப்பட்ட பணம் ஒரு கணக்கில் தங்குவதில்லை. வாடகைக்கு எடுத்த பல கணக்குகள் வழியே விரைவாகப் பிரிந்து போகிறது. தேசிய உதவி எண்ணான 1930-ஐ உடனே அழைத்தால், அது போகும் வழியிலேயே வங்கிகள் முடக்க வாய்ப்பு உண்டு. ஆனால் “படித்தவர் இப்படியா ஏமாறுவது” என்ற பேச்சுக்கு அஞ்சிப் பலர் வீட்டாரிடம்கூடச் சொல்லத் தயங்குகிறார்கள். ரிசர்வ் வங்கியின் 2017 சுற்றறிக்கையின்படி, ரகசிய எண்ணை வாடிக்கையாளரே பகிர்ந்திருந்தால், வங்கிக்குத் தெரிவிக்கும்வரை ஏற்படும் இழப்பு அவருடையது. தெரிவித்த பின் ஏற்படும் இழப்பு வங்கியுடையது.