ஒரே ஒரு ‘ஜி’ தட்டினால் திரை ஏன் நிற்காமல் ஓடுகிறது?

மேலூரிலிருந்து முதலாண்டு மாணவி ஒருவர் எழுதியிருக்கிறார். அப்பாவுக்கு மாட்டுத்தாவணி பூ மார்க்கெட்டில் கடை. மல்லிகைப்பூவின் எடையையும் கிலோ விலையையும் கேட்டுக் கணக்குப் போடும் சின்ன புரோகிராம் ஒன்றை சி மொழியில் எழுதிக் கொடுத்திருக்கிறார். அப்பா எடையைக் கேட்ட இடத்தில் 250 என்று அடித்து, கிராம் என்பதற்கு ஒரு ஆங்கில ‘ஜி’யையும் சேர்த்துவிட்டார். உடனே ‘விலை என்ன? விலை என்ன?’ என்று திரை முழுக்க ஓடத் தொடங்கிவிட்டதாம். பதில் அடிக்கவே விடவில்லையாம். வைரஸாக இருக்குமா என்று கேட்கிறார்.

வைரஸ் எதுவும் இல்லை. கன்ட்ரோலையும் சி-யையும் சேர்த்து அழுத்தினால் ஓட்டம் நின்றுவிடும். ஆனால் அது ஏன் ஓடியது என்பதில் அழகான விஷயம் ஒன்று இருக்கிறது.

நாம் தட்டுவது நேராகப் புரோகிராமுக்குப் போவதில்லை. என்டர் தட்டும்வரை டெர்மினல், அதாவது புரோகிராம் ஓடும் எழுத்துத் திரை, அதைப் பிடித்து வைத்திருக்கும். தப்பாக அடித்ததை பேக்ஸ்பேஸால் அழிக்க முடிவது அதனால்தான். என்டர் தட்டியதும் வரி முழுவதும் பஃபர் என்கிற தற்காலிகச் சேமிப்பிடத்துக்கு வரும். இங்கே வந்தவை 2, 5, 0, ஜி, கூடவே என்டர். ஒவ்வொரு எழுத்துக்கும் ஓர் எண் தரும் ஆஸ்கி கணக்கில் 50, 53, 48, 103, 10. இருநூற்றைம்பது என்கிற எண் இன்னும் எங்கேயும் பிறக்கவில்லை.

அதைப் பிறக்க வைப்பது, அடித்ததைப் படிக்கும் சி மொழிக் கட்டளையான ஸ்கேன்எஃப். முதல் எழுத்து 50; அதில் 48-ஐக் கழித்தால் 2. அடுத்தது 53, 48 போக 5. கையிலிருக்கும் 2-ஐப் பத்தால் பெருக்கி 5-ஐச் சேர்த்தால் 25. மறுபடி பத்தால் பெருக்கி 0-வைச் சேர்த்தால் 250. எண் எங்கே முடிகிறது என்று அதற்கு முன்கூட்டித் தெரியாது. ஜி-யை எடுத்துப் பார்த்த பிறகுதான் ‘இது இலக்கம் இல்லை’ என்று தெரிகிறது. உடனே எடுத்த ஜி-யைப் பஃபரிலேயே திரும்ப வைத்துவிட்டு, 250-ஐ மட்டும் கொடுக்கிறது. அடுத்து வருகிறவருக்குச் சேர வேண்டியதைத் தொடாமல் விடுகிற இந்த நாகரிகம் எனக்கு ரொம்பப் பிடிக்கும்.

சிக்கல் தொடங்குவதும் அங்கேதான். அடுத்து விலையைப் படிக்க வருகிற ஸ்கேன்எஃபும் ஓர் எண்ணைத் தேடுகிறது. முதலில் நிற்பது ஜி. எடுத்துப் பார்த்து, திரும்ப வைத்துவிட்டு, வெறுங்கையோடு போகிறது. விலை பழையபடி 0. ‘விலை 0 என்றால் மறுபடி கேள்’ என்று மாணவி லூப் (திரும்பத் திரும்ப ஓடும் பகுதி) எழுதியிருக்கிறார். மறுபடி கேட்கிறது, மறுபடி அதே ஜி. ரேஷன் கடை வரிசையில் கார்டு கொண்டுவராதவர் முதல் ஆளாக நின்று நகராமல் இருப்பது மாதிரி. பஃபரில்தான் ஏற்கெனவே எழுத்து இருக்கிறதே, அதனால் கீபோர்டுக்காகக் காத்திருக்க வேண்டிய தேவையே இல்லை. வேகமாக ஓடுவதற்குக் காரணம் இதுதான்.

இதற்கு மருந்து என்று லேபில் சீனியர்கள் ‘எஃப்ஃபிளஷ் எஸ்டிடின்’ என்ற, பஃபரைக் காலி செய்வதாகச் சொல்லப்படும் வரியைச் சொல்லிக் கொடுப்பார்கள். தயவுசெய்து எழுதாதீர்கள். சி மொழியின் தர நிர்ணயத்தில் எஃப்ஃபிளஷுக்கு வெளியீட்டுப் பக்கத்தில்தான் வேலை. உள்ளீட்டில் போட்டால் என்ன நடக்கும் என்று அது வரையறுக்கவே இல்லை. சில கம்பைலர்களில் (புரோகிராமைக் கணினிக்குப் புரியும்படி மாற்றும் மென்பொருள்களில்) பலிக்கும், சிலவற்றில் பலிக்காது. ஏன் என்று கேட்காமல், ஒருமுறை பலித்தது என்பதற்காகக் காலாகாலத்துக்கும் செய்வதற்குப் பெயர் மூடநம்பிக்கைதான், அது கம்ப்யூட்டர் லேபில் நடந்தாலும் சரி. அவுட்புட் வந்தால் மார்க் என்று விடாமல், தப்பாக ஒன்றை அடித்துக் காட்டச் சொல்லி மார்க் போட்டால் பிள்ளைகள் இதை முதல் மாதத்திலேயே கண்டுபிடித்துவிடுவார்கள்.

சரி, என்ன செய்வது? ஸ்கேன்எஃப் எத்தனை மதிப்புகளைப் படித்தது என்று ஒரு எண்ணைத் திருப்பித் தருகிறது. ஒன்றைக் கேட்ட இடத்தில் 1 வராவிட்டால், ஒவ்வோர் எழுத்தாக எடுக்கும் கெட்கேரை லூப்பில் போட்டு என்டர் வரும்வரை எழுத்துகளை எடுத்துத் தள்ளிவிட்டு, அப்புறம் கேளுங்கள்.

இதைவிட நல்ல வழி, எஃப்கெட்ஸால் வரியை முழுதாக வாங்கி, எழுத்துகளை எண்ணாக மாற்றும் எஸ்டிஆர்டிஓஎல்-இடம் கொடுப்பது. எண்ணோடு, எந்த எழுத்தில் நின்றேன் என்பதையும் அது சொல்லும். நின்ற இடத்தில் என்டர் இருந்தால் சுத்தமான எண். ஜி இருந்தால் கிராம் என்றே எடுத்துக்கொள்ளலாம். அப்பா தன் பழக்கத்தை மாற்றிக்கொள்ள வேண்டியதில்லை.